இரவல் ரம்பம்

— கயித்தை விடு மாப்ள. இழுத்துகிழுத்து வெச்சுடாதே.

— இழுக்கல மச்சான். சும்மா பிடிச்சுப் பார்க்கறேன்.

— உங்க கடலோரத்து ஆளுங்க கை பிடிச்சா சும்மா இருக்காது. இது ஒரு தடவை கத்திடுச்சுன்னா போச்சு. லாரில ஏறி உட்கார்ந்தவன்கூட இறங்கி வந்துடுவான், ‘கமினியேலி, மோட்டார் ரம்பம் சரியாயிடுச்சாமே’ன்னு.

— லாரி இன்னும் கிளம்பலையா?

— எனக்கென்ன தெரியும்? நான் மலைக்காரன். உங்க ஊர் லாரி, உங்க ஊர் சபை, உங்க ஊர் வசூல் விருந்து. வேலியோரம் என் தங்கச்சியைக் காவலுக்கு நிறுத்தி வெச்சிருக்கியே, அவளைக் கேளு.

— சலோத்தே அம்மா, லாரி போச்சா?

— பாட்டுக்குழு ஏறியாச்சு. பாய்க்கட்டு ஏத்தறாங்க. உபதேசியார் இன்னும் ஜெபத்தை முடிக்கல. நீங்க காலை நீட்டி வெச்சுக்குங்க சலோத்தே அப்பா. கால் வீக்கம்னு சொல்லித்தான் நாம போகாம நின்னிருக்கோம். யாராவது எட்டிப் பார்த்தா என் மானம் போயிடும்.

— எந்தக் காலுன்னு சொன்னே?

— இடது.

— நான் வலதை நீட்டிக்கிட்டு இருக்கேன்.

— மாத்துங்க.

— நல்ல குடும்பம் மாப்ள. ஒரு ரம்பத்தை ஓட்டிப் பார்க்கறதுக்காக, ஊரே சாமி கும்பிடப் போற நாளா பார்த்து, பொய்க்கால் கட்டிக்கிட்டு ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க.

— வேற வழி என்ன இருக்கு, நீயே சொல்லு. சத்தம் போடாம ஓட்டிப் பார்க்க முடியுமா?

— முடியாது. பழுது எல்லாம் சத்தமில்லாம பார்த்துடலாம். பிஸ்டன்ல கீறல் இருந்தது, தேய்ச்சாச்சு. ரிங் புதுசு. பெட்ரோல் குழாய் புதுசு. கார்பரேட்டர்ல அந்த ரப்பர் சவ்வு காஞ்ச அப்பளம் மாதிரி கிடந்தது, அதுவும் மாத்தியாச்சு. ஆனா ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பறதுன்னு காதாலதான் பார்க்கணும். கண்ணால பார்க்க முடியாது.

— சலோத்தே அப்பா, அவர்கிட்ட சொல்லுங்க. துணி துவைக்கிற தொட்டில இன்னும் எண்ணெய் மிதக்குது.

— மச்சான், உன் தங்கச்சி சொல்றா, தொட்டில...

— கேட்டுச்சு. எனக்குக் காது இருக்கு. அவகிட்ட சொல்லு, அந்தத் தொட்டி இல்லேன்னா ஓட்டையே தெரிஞ்சிருக்காது. இஞ்சினோட வாயை எல்லாம் செருப்பு ரப்பரை வெட்டி அடைச்சு, பந்துக்கு அடிக்கிற பம்பால காத்தடிச்சு, தண்ணில முக்கினதாலதான் சீல் ஓரமா குமிழ் வந்தது. காத்து உள்ளே ஒழுகிக்கிட்டே இருந்தா, எத்தனை பிஸ்டன் போட்டாலும் எரிஞ்சு போகும்.

— சலோத்தே அம்மா, அவர் சொல்றார்...

— எனக்கும் காது இருக்கு.

— அப்புறம் நடுவுல நான் எதுக்கு? கூடப் பிறந்த ஆணும் பொண்ணும் வளர்ந்தப்புறம் நேருக்கு நேர் பேசக்கூடாதுன்னு முன்னோருங்க சட்டம் வெச்சுட்டுப் போயிட்டாங்க. கூப்பிடற தூரத்துல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் என் தலைக்கு மேல பேசறீங்க. நான் தபால்காரன். சம்பளம் உண்டா?

— மரவள்ளிக்கிழங்கு உண்டு.

— அது இந்த வீட்டு நாய்க்கும் உண்டு.

— வீடுன்னு சொல்லாதீங்க. தார்ப்பாயை வீடுன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒரு மழைக்காலம் போச்சு.

— ஆரம்பிச்சுட்டா.

— ஆரம்பிக்கல, முடிக்கலாம்னு பார்க்கறேன். இதுக்கு முன்னால இருந்த மிஷினை யாருக்கெல்லாம் குடுத்தீங்க, அவர்கிட்ட சொல்லுங்க. ஊர்த்தலைவர் வீடு அதுல அறுத்த பலகை. உபதேசியார் வீடு அதுல அறுத்த பலகை. உபதேசியாரோட கோழிக்கூண்டும் அதுல அறுத்ததுதான். புயல்ல வீடு போய், இன்னும் இந்த ஊர்ல தார்ப்பாய்க்கு அடியில இருக்கறது நாமளும் இந்தக் கோழிகளும்தான்.

— கோழிக்குக் கூண்டு இருக்கு.

— அது உபதேசியார் கோழி.

— நான் என்ன பண்ணட்டும்? வர்றாங்க. பாயில உட்கார்றாங்க. கையைக் குவிச்சுத் தட்டி, ‘கெரெகெரே, கமினியேலி, உன் ரம்பத்தைக் கொஞ்சம்’னு இரவல் கேக்கறாங்க. அப்படி உட்கார்ந்து கேட்டவனை இல்லேன்னு திருப்பி அனுப்பின குடும்பம் எங்க வம்சத்துல கிடையாது. எந்த வாயால சொல்றது?

— அந்த வாயாலதான். அதைத்தானே ரெண்டு வேளையும் கிழங்கு போட்டு வளர்க்கறேன்.

— மாப்ள, அந்தப் பழைய ரம்பம் எப்படிச் செத்தது? நீ முழுசா சொல்லவே இல்ல.

— செயினுக்கு விடற எண்ணெய் தீர்ந்து போச்சுன்னு எவனோ தேங்காய் எண்ணெயை ஊத்தியிருக்கான். ஓட்டினா வாழைக்காய் வறுவல் வாசனை. அதைக்கூடத் தாங்கிடுச்சு. கடைசியா எடுத்துக்கிட்டுப் போனவன், சத்தம் கரகரன்னு இருக்கு, கேக்கவே நல்லாயில்லேன்னு ஸ்க்ரூவைத் திருகி, நல்லாப் பாட வெச்சிருக்கான். ஒரு நாள் பாடிச்சு. மறுநாள் கட்டையாயிடுச்சு.

— பாடற ரம்பம் சாகற ரம்பம். மரம் வெட்டற முகாம்ல புதுசா வர்றவனுக்கு முதல்ல இதைத்தான் சொல்லுவோம். நண்டு தின்னற உங்களுக்கு யார் சொல்றது?

— மலைப்பன்னி, நீ வந்து சொல்லியிருக்கலாமே.

— இப்பத்தானே லீவு கிடைச்சது.

— லீவு எப்ப முடியுது?

— முடியறப்போ முடியும். அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடு.

— லாரி போயிடுச்சு. தென்னந்தோப்பைத் தாண்டிடுச்சு. சலோத்தே அப்பா, அவர்கிட்ட சொல்லுங்க, முதல் பலகை நம்ம வீட்டுக்குத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் தகுவா மரம் புயலன்னிக்கு விழுந்தது, விழுந்தபடியே கிடக்கு. இன்னொரு மழை பட்டா பூச்சி ஏறிடும். அப்புறம் அது அடுப்புக்குத்தான் ஆகும். சலோத்தே போன லீவுக்கும் வரல. லம்பாசா டவுன்லயே ஹாஸ்டல்ல இருந்துக்கறேங்கறா. வந்தா எங்கே படுக்கறதும்மான்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?

— சொல்லு மாப்ள அவகிட்ட, எனக்குக் கேட்டுச்சுன்னு.

— அவர் சொல்றார்...

— தெரியும். ஆகவேண்டியதைப் பாருங்க.

— அந்தத் தென்னங்கட்டையை உருட்டிக் குடு மாப்ள. ரெண்டு ஸ்க்ரூவையும் உள்ளே தொடற வரைக்கும் மெதுவாத் திருகி, அங்கேர்ந்து ஒன்னேகால் சுத்து வெளியே எடுத்திருக்கேன். அது தொடக்கம்தான். பிரேக்கைத் தள்ளிட்டேன். சோக்கு இழு. காலை வெச்சு அழுத்திப் பிடி. இப்ப இழு.

— ஒண்ணும் இல்லையே.

— இன்னொண்ணு.

— இருமுச்சு.

— அதான். சோக்கைப் பாதி உள்ளே தள்ளு. இப்ப இழு.

— பிடிச்சுக்கிச்சு. மச்சான், பிடிச்சுக்கிச்சு. எப்படிப் பாடுது பாரு.

— குடு இங்கே.

— என்ன?

— குடுன்னேன். அணை. பாடுது, அதான் பயம். சத்தியமாச் சொல்றேன், உனக்கு இதைப் பழசா வித்த அந்த முனுசாமி கடைக்காரன்கிட்ட இருந்தப்பவே இப்படித்தான் இருந்திருக்கும். அதான் பிஸ்டன் கீறியிருக்கு. கேளு, சொல்றேன். வெறும் காத்துல முழு வேகத்துல ஓட்டறப்போ, தொண்டைல சளி கட்டின கிழவன் மாதிரி கரகரன்னு இருக்கணும். மரத்துல வெச்சு அழுத்தினதும் சளி விட்டுத் தெளியணும். காத்துலயே தெளிஞ்சு பாடினா உள்ளே பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். பெட்ரோல்ல கலந்துதானே எண்ணெய் போகுது? அது பத்தலைன்னா இதுவும் பத்தல. உள்ளே வேகுது. இப்ப கொஞ்சம் வெளியே திருப்பறேன். இழு.

— இப்ப கரகரங்குது.

— கட்டைல வை. அழுத்தாதே, அது கனத்துக்கே இறங்கட்டும்.

— தெளியுது.

— எடு. இப்ப?

— திரும்பக் கரகரங்குது.

— விசையை விடு. சும்மா ஓடட்டும். செயின் நகருதா?

— இல்ல. நின்னுடுச்சு. இஞ்சின் மட்டும் ஓடுது.

— அவ்வளவுதான். அணை.

— என்ன மச்சான் இது, வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி இறங்கிச்சு. நாளைக்கே ஓடைக்குப் போயிடலாமா?

— அவசரப்படாதே. செயின்ல வலப்பக்கப் பல்லு கொஞ்சம் நீளம். பலகை வளைஞ்சு வரும். நாளைக்கு அராவிட்டு, அதுக்கு மறுநாள் பார்க்கலாம்.

— சலோத்தே அப்பா, அவர்கிட்ட கேளுங்க. நேத்து பொழுதெல்லாம் அராவினாரே, அது எந்தப் பல்லு?

— ஆமாம் மச்சான், நேத்தும் இதையேதான் சொன்னே.

— பல்லு விஷயத்துல பொம்பளைங்க பேசக்கூடாது.

— சலோத்தே அப்பா, யாரோ வர்றாங்க.

— எல்லாரும்தான் போயிட்டாங்களே?

— இலைத்தியா பெரியப்பா. தடியை ஊனிக்கிட்டு வேலிக்கு வந்துட்டார்.

— அவர் ஏன் விருந்துக்குப் போகல?

— அவருக்கு நிஜமாவே கால் வலி.

— கடவுளே. என்ன சொல்ல?

— என்ன சொல்வீங்க, எப்பவும் சொல்றதைத்தான் சொல்வீங்க. போங்க, பெரியவரை வெயில்ல நிக்க வெக்காதீங்க. நொண்டிக்கிட்டே போங்க.

— இடதுதானே?

— இடதுதான்.

— பாவம் மாப்ள. கேட்டுட்டார்னா முடிஞ்சது கதை.

— சார்ஜன்ட், இப்படி வந்து படு. மனுஷங்கிட்டதான் பேசக்கூடாது. நாய்கிட்ட பேசக்கூடாதுன்னு முன்னோருங்க யாரும் சொல்லல.

— கேளு சார்ஜன்ட், உன் எஜமானி ஏதோ சொல்றா. குறுக்கே குரைக்காதே.

— லீவுல வர்ற மனுஷன் ஒரு கைலியோட வருவான் சார்ஜன்ட். பூட்ஸ், தொப்பி, அரம், காதுல மாட்டறது, எல்லாத்தையும் மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டு வர மாட்டான். அப்படி வந்தவன் திரும்பிப் போறதுக்கு வரல.

— இந்த நாய்க்கு மூக்கு நல்லா வேலை செய்யுது.

— லித்தியா அண்ணி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போனதை மீன் விக்கறவ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது.

— சண்டை போட்டுக்கிட்டுப் போகல சார்ஜன்ட். சாப்பாட்டுக்குப் போயிருக்கா.

— என்ன ஆச்சு?

— முகாமுக்கு ஒரு பெரிய வண்டி வந்தது. மரத்தைக் கழுத்துல பிடிச்சு அறுக்குது, கிளையைச் சீவுது, அளந்து துண்டு போட்டு அடுக்குது. உள்ளே ஒருத்தன் ஏசில உட்கார்ந்திருக்கான். எங்களை எல்லாம் வரிசையா நிறுத்திக் கை குடுத்தாங்க. ரம்பம் முகாமோடது, வெச்சுட்டுப் போகச் சொன்னாங்க. பூட்ஸ் மட்டும்தான் என்னுது.

— சொந்தமா ஒண்ணு இருந்தா?

— மலைல எங்கே பார்த்தாலும் புயல்ல விழுந்த மரம்தான். வீடு வீடாப் போய் அறுத்துக் குடுத்தா ஒரு குடும்பம் சாப்பிடலாம். லித்தியாவைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரலாம்.

— அப்ப ஏன் கேக்கல?

— கேக்கத்தான் வந்தேன். மாப்ளைகிட்ட கேட்டா இல்லேங்க மாட்டான். அது இந்தத் தீவுக்கே தெரியும். வந்த அன்னிக்கு மழை. தார்ப்பாய் ஒழுகற இடமெல்லாம் ஒரு பொம்பளை சட்டியை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருந்தா. ஒரு சட்டியை என் தலைமாட்டுலயும் வெச்சா, நான் நனையக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் எந்த வாயால கேக்கறது?

— அதான் தினம் ஒரு பழுதா?

— பல்லெல்லாம் சரியாத்தான் இருக்கு சார்ஜன்ட். எல்லாம் முடிஞ்சதுன்னு சொன்னா, ஒண்ணு கேக்கணும், இல்லேன்னா கிளம்பணும். ரெண்டுக்கும் தெம்பு இல்ல. கொஞ்ச நாள் ஒரு திருகாணியைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா போதும்னு இருந்தது.

— எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு.

— என்னது?

— நாய்கிட்ட சொல்றேன். எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. எந்தச் சட்டியை எங்கே வெக்கணும்னு எனக்குத் தெரியும். ஒரு மழையை ஓட்டினவ இன்னொண்ணையும் ஓட்டுவா. கண்டவனுக்கெல்லாம் குடுத்தாச்சு. கூடப் பிறந்தவன் பிள்ளைங்க யார் வீட்டு அடுப்படியிலயோ கை நீட்டிக்கிட்டு நிக்கறப்போ, பலகை வீடு கட்டி அதுல படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?

— நாய் பேசறதையெல்லாம் நான் காதுல போட்டுக்கறதில்ல.

— சரி. அவர் வர்றார். வாயை மூடு சார்ஜன்ட்.

— சலோத்தே அம்மா...

— நொண்டலையே நீங்க.

— மறந்துட்டேன்.

— எதுக்காம் மிஷின்?

— பன்னிப்பட்டிக்குக் கம்பம் வெட்டணுமாம். அதுக்கப்புறம் அவர் மருமகன் படகுக் கொட்டகை. அதுக்கப்புறம் யாருக்கோ என்னமோ சொன்னார். காதுல விழல எனக்கு. நின்னுக்கிட்டே இருந்தேன். ரொம்பக் களைப்பா இருந்தது சலோத்தே அம்மா.

— குடுத்துட்டீங்க.

— இல்ல.

— இல்லையா?

— இல்லேன்னு சொல்ல வாய் வரல. அதனால மிஷின் என்னுது இல்லேன்னு சொன்னேன்.

— பின்ன யாருதாம்?

— மச்சானுதுன்னேன். அதுவாத்தான் வந்தது வாயில. லம்பாசால வாங்கினது மச்சானுக்காக, அவருக்குக் குடுத்துட்டேன், இனிமே அது அவர் பொருள்னு சொல்லிட்டேன்.

— பரவாயில்ல மாப்ள, ஒரு பொய்தானே. இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு.

— அவர் அப்படியே திரும்பிப் போயிருந்தா பொய்யாப் போயிருக்கும். அவர் போகல மச்சான். தடியைக் கீழே போட்டார். அந்தக் காலை மடக்கிக்கிட்டு மண்ணுலயே உட்கார்ந்தார். ‘பெண் எடுத்த வீட்டுக்குச் செஞ்சிருக்கே, நல்ல காரியம், நம்ம வம்சம் இதை ஏத்துக்குது’ன்னார். கையைக் குவிச்சுத் தட்டினார்.

— தட்டினாரா?

— ஆழமா. நிதானமா.

— மாப்ள, உங்க ஊர்ல எப்படியோ தெரியல. எங்க மலைல பெரியவர் தட்டிட்டா, குடுத்தது குடுத்ததுதான். அதைத் திரும்ப எடுத்தவன் வீடு விளங்காது.

— எங்க ஊர்லயும் அதேதான்.

— விளையாடறியா?

— என் முகத்தைப் பாரு. சலோத்தே அம்மா, ஏதாவது பேசு. உன் கூரையை வேலியோரத்துல நின்னு தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன். திட்டவாவது திட்டு.

— என்ன திட்ட? அவர்கிட்ட சொல்லுங்க, அந்தப் பெட்ரோல் கேனும் அதோட சேர்ந்ததுதான்னு.

— உனக்குக் கோவம் வரலையா?

— எலுமிச்சை இலை பறிச்சு வெச்சிருக்கேன். டீ போடறேன்.

— எனக்கு வேண்டாம் மாப்ள. டீ இல்ல, ரம்பம். நான் பெரியவர்கிட்ட போய்ப் பேசறேன்.

— என்னன்னு? நீங்க தட்டினது தப்புன்னா?

— அதில்ல. உன் வீடு? அந்த மரம் கிடக்கே, பூச்சி ஏறிடாதா? இதை எடுத்துக்கிட்டு எந்த முகத்தோட நான் மலை ஏறுவேன்?

— பெரியப்பா போறப்போ இன்னொண்ணும் சொல்லிட்டுப் போனார். இனிமே அந்த ரம்பம் வேணும்னா, காணிக்கையா யாங்கோனா வேர்க்கட்டோட மலைக்கு நடந்து போய் உன் முன்னாடி உட்கார்ந்து கேக்கணுமாம். அவ்வளவு தூரம் அவர் கால் நடக்காதாம். பன்னிக்கு மூங்கிலே போதும்னுட்டார். மத்தவங்களுக்கும் அதையேதான் சொல்லப் போறாராம்.

— அது சரி. நீ என்ன பண்ணப் போறேன்னுதானே கேட்டேன்.

— எனக்குக் குடுத்தே பழக்கம் மச்சான். இதுவரைக்கும் யார் வாசல்லயும் போய் எதையும் கேட்டதில்ல. எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. கூச்சமா இருக்கு.

— என்ன கேக்கப் போறே?

— கொஞ்சம் நகரு. பாயில இடம் விடு. நின்னுக்கிட்டே கேக்கக்கூடாது.

— உட்காரு.

— கெரெகெரே, மச்சான். உன் ரம்பத்தைக் கொஞ்சம் இரவல் குடு. வீடு ஒண்ணு கட்டணும்.